ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஒரு பெயர்

ஆகஸ்ட் 2, 1998. ஞாயிறு. மில்பிடாஸ், கலிபோர்னியா

காலையில் மேகமூட்டம், பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டது தவறு.

முரளி விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னைக்குப் போய் நான்கு நாள். மகன் இல்லாமல் நான் மட்டும் மைதானத்தில் போய் உட்காரலாமா என்று தயக்கம். காப்டன் பாஸ்கர் காரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"அங்கிள், நீங்க இல்லாட்டி ஸ்கோர் யாரு எழுதறது? எதிர் டீம் சொல்றதத்தான் நம்பணும். ஏறுங்க."

ஏறினேன். முரளியின் ஆபீஸ் சாஃப்ட்பால் அணி. பேஸ்பாலுக்குச் சாதுவான தம்பி. பந்து பெரிது, வேகம் கம்மி. அனேகமாக எல்லோரும் தமிழ். ஒருவர் வேலை மாறிப் போய்விட்டார், முரளியும் இல்லை. எனவே இரண்டு புது முகங்கள், ஊரிலிருந்து வந்து ஆறு வாரம் ஆனவர்கள்:

1. செந்தில், பொள்ளாச்சி. முரளியின் இடமான ஷார்ட்ஸ்டாப்பில். (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய மூலைகளுக்கு, நடுவே. பந்து அதிகம் வரும் இடம்.)
2. கவிதா, கரூர். கல்லூரியில் த்ரோபால்.

செந்தில் முதல் பந்தை நேர்மட்டையால் தடுத்தான். காலடியிலேயே விழுந்தது. குறை சொல்ல முடியாத தடுப்பு. தடுத்துவிட்டு அப்படியே நின்றான்.

"ஓடுறா! டேய், ஓடு!"

"ஏனுங்க? அங்க ரன் இல்லீங்களே!"

அவுட். இங்கே மட்டையில் பட்டால் ஓடியே தீர வேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. அடுத்த முறை ஓடினான், மட்டையையும் கையில் தூக்கிக்கொண்டு. எதிரணியில் ஒருவர் புல்லில் உட்கார்ந்தே சிரித்தார். எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நான்காம் இன்னிங்ஸில் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டான். "கைய கட்டிப்போட்ட மாதிரி இருக்குதுங்க." உருண்டு வந்த பந்தை வெறுங்கையால் அள்ளி, நிமிராமலே ஒரு வீச்சு. முதல் பேஸில் ஆள் அவுட். அதோடு சிரிப்பு நின்றது. உயரே போன பந்தில் ஒன்றைக்கூடக் கவிதா விடவில்லை.

வெற்றி. பிளாஸ்க்கில் டிகாக்ஷன் வாடை, வெந்நீரில் ஊறப்போட வேண்டும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

காற்று. தாள் பறக்கிறது, கிளிப் இரண்டு தேவை. மறுபடி வெற்றி. செந்தில் இப்போது மட்டையைப் போட்டுவிட்டு ஓடுகிறான்.

சாயங்காலம் வழக்கம்போலச் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்து, ஆள்வாரியாக ஹிட், பிழை எல்லாம் கூட்டல். மருமகள் சுதா: "மாமா, உங்க மேட்ச் முடிஞ்சாத்தான் இந்த வீட்ல தட்டு வைக்க முடியும்." மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, சும்மா சொன்னேன் மாமா!" எனக்கு எது விளையாட்டுப் பேச்சு என்று உடனே தெரிவதில்லை.

முரளி போன். "புதுப் பசங்க எப்படிப்பா?" பரவாயில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 11, செவ்வாய்

டிவியில் பெரிய பேஸ்பால். யாருக்கோ காயம் என்று கீழ்நிலை அணியிலிருந்து இரண்டு பையன்களை மேலே அழைத்திருக்கிறார்கள். ஒருவன் வந்த அன்றே வேலிக்கு வெளியே அடித்தான். காமிரா அவன் அப்பாவைக் காட்டியது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

கோயம்புத்தூர், என் கல்லூரி இரண்டாம் ஆண்டு, கிரிக்கெட் அணி. தொடக்க ஆட்டக்காரருக்கு டைஃபாய்ட். பன்னிரண்டாம் ஆளான என்னைக் கூப்பிட்டார்கள். இரவல் பேட், இரவல் கால்காப்பு, அளவு பெரிது. மூன்று ஆட்டம். செம்மண் தரையில் பந்து எழும் விதம், காற்றில் கலந்த வேப்பம்பூ வாசனை, எல்லையில் யாரோ "நம்ம குள்ளனா இது!" என்று கத்தியது. நான்காம் ஆட்டத்துக்கு நோட்டீஸ் போர்டில் என் பெயர் இல்லை. அவர் குணமாகி வந்துவிட்டார். மூன்று ஆட்டத்தில் நான் என்ன செய்தேன் என்று யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. "ஸ்கோர் எழுதறியா?" என்றார் காப்டன். சரி என்றேன். அதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வருத்தமில்லை. அல்லது உண்டு. அந்த மைதானத்துக் காலை வெயில் மட்டும் வேறெங்கும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 20, வியாழன்

முரளி நேற்று வந்தான். இளைத்திருக்கிறான். நார்த்தங்காய் ஊறுகாய், இரண்டு வேட்டி.

சாயங்காலம் பாஸ்கர் வந்தார். ஞாயிறு நாக்-அவுட், தோற்றால் சீசன் முடிந்தது. முரளி குளித்துக்கொண்டிருந்தான்.

"அங்கிள், உங்க புக்க பாத்துச் சொல்லுங்க. ஷார்ட்ஸ்டாப்ல முரளியா, செந்திலா?"

"இன்னும் கூட்டலை."

பொய். கூட்டி, சரிபார்த்து, மையிலும் எழுதியாகிவிட்டது. செந்தில்தான், சந்தேகமே இல்லை. சுதா காபி டம்ளரோடு நின்று என்னைப் பார்த்தாள்.

"அப்ப சீனியர்தான். முரளியே ஆடட்டும்," என்றார் பாஸ்கர்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பயத்தம்பருப்பு, ஏ4 தாள், கால் வலி மாத்திரை.

முரளி காலையில்: "நாலு வருஷமா அங்கதாம்ப்பா நிக்கறேன். ஆபீஸ்ல எது எப்படிப் போனாலும், ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு."

அப்போது சொல்லியிருக்கலாம். "டோஸ்ட் கருகுது" என்றேன். கருகத்தான் செய்தது.

அறுபத்தேழு வயதில் ஒரு வாக்கியம் சொல்லப் பயம். மகன் மனம் நோகக் கூடாது என்பது காரணமா, யாருமே என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதா? இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

முடிவை முதலில் எழுதிவிடுகிறேன். தோல்வி, ஒரு ரன்னில். சீசன் முடிந்தது.

வெயில், காற்றில்லை. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அணிப் பட்டியல் எழுதுவது எப்போதும் நான்தான். பாஸ்கர் சொல்லச் சொல்ல எழுதினேன். "ஆறு, முரளி, ஷார்ட்ஸ்டாப்." செந்தில் என்று எழுதினேன்.

பாஸ்கர் வாங்கிப் பார்த்தார். "அங்கிள், பேர் மாறிடுச்சு."

"மாறலை."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மாறலை. அன்னிக்கே கூட்டிட்டேன். பொய் சொன்னேன்." நோட்டைத் திறந்து கொடுத்தேன்.

ஷூ கட்டிக்கொண்டிருந்த முரளி எழுந்து வந்தான். தன் வரியிலும் செந்தில் வரியிலும் கடைசிவரை விரல் ஓட்டிப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. பாஸ்கரிடம், "சரி, அவனே நிக்கட்டும்," என்றான். செந்தில், "அண்ணா, வேண்டாங்ணா, நீங்களே..." என்று இழுத்தான். "போடா, போய் நில்லு."

பெஞ்சில் இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கவில்லை.

ஐந்தாம் இன்னிங்ஸ். பந்து நேரே செந்திலிடம். குனிந்தான், கால்களுக்கு நடுவே போய்விட்டது. இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள், இரண்டு ரன். பாஸ்கர் தொப்பியைத் தரையில் அடித்தார்.

பென்சில் நின்றுவிட்டது. கடைசியில் பந்து கொஞ்சம் எழும்பியதோ? தடுத்தவனின் பிழை, அதாவது எரர், என்று போடாமல் அடித்தவனின் ஹிட் என்று போடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. பையனின் பெயரில் பிழை இருக்காது. நான் செய்ததும் பிழை ஆகாது.

முரளி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை எட்டிப் பார்த்தான்.

"எரர்தாம்ப்பா. போடுங்க."

போட்டேன்.