பிஸ்கோத்து டப்பாவில் பாகீரதியின் டைம் டேபிள்

கரமனை,
22-5-1941

சிரஞ்சீவி கல்யாணராமனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். பகவான் கிருபையில் இங்கே அப்பா, நான், உன் தங்கை பாகீரதி மூன்று பேரும் சௌக்கியம், பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சௌக்கியமாய் இருக்கிறாய் என்று உன் கையால் ஒரு வரி வந்தால்தான் எனக்கு நிம்மதி. எப்போதும் அப்பா நாலு பக்கம் எழுதி முடித்து ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விடுவார், அதில் நான் எண்ணெய் தேய்த்துக் குளி என்று எழுதுவேன், இன்றைக்கு என்ன முழுக் காகிதமும் அம்மா கையெழுத்தாய் இருக்கிறதே என்று பயந்துவிடாதே, சந்தோஷ சமாசாரம்தான். நம் பாகீரதி ஸ்கூல் ஃபைனலில் முதல் கிளாஸில் தேறிவிட்டாள்! நேற்றுச் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. முதல் கிளாஸ் வந்தால் காலேஜ், இல்லாவிட்டால் படித்தது போதும் என்று அப்பா கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தது உனக்குத் தெரியுமே, கணக்கு டீச்சர் ஆகணும் என்று பத்து வயசிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும். தந்தி கொடுக்கலாம் என்றார் அப்பா, வேண்டாம் நானே எழுதுகிறேன் என்றேன். ஏனென்றால் இதில் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு அசட்டுத்தனம் இருக்கிறது, இரண்டு மாதமாய்த் தொண்டையிலேயே நிற்கிறது.

தை மாதம் அவளுக்கு ஒரு டைம் டேபிள் போட்டு அனுப்பினாயே, ரயில் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது. சிவப்பு மசியில் கோடு, நீல மசியில் மணி, நாலரைக்கு எழுந்திருக்கணும், நாலு ஐம்பதுக்கு அல்ஜீப்ரா, ஐந்து நாற்பதுக்குச் சரித்திரம், மூச்சுவிட இடமில்லை. அப்பா அதை அட்டையில் ஒட்டிக் கூடத்தில் மாட்டினார். பாகீரதியும் பாவம், அண்ணா சொன்னபடி நாலு நாள் நடந்து பார்த்தாள். ஆனால் நம் ஆத்தில் எதுதான் நேரத்துக்கு நடக்கிறது சொல்லு. பால்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு ஐந்துக்கும் வருவான், ஆறரைக்கும் வருவான், வந்தால் பாத்திரத்தோடு போய் எதிரில் நிற்கணும், இல்லாவிட்டால் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடிக்கணும். அல்ஜீப்ரா நேரத்தில் அப்பா பூஜைக்குப் புஷ்பம் பறிக்கணும், சரித்திர நேரத்தில் எனக்கு அரைத்துக் கொடுக்க ஆள் வேணும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பாட்டு கிளாஸ், மலையாள வாத்தியார் கொடுத்த பாடம், விளக்கேற்றுகிற வேலை. ஒரு பாடம் தவறினால் பின்னால் வருகிற அத்தனையும் தவறுகிறது. ஐந்தாம் நாள் பெண் மூலையில் உட்கார்ந்து, அண்ணாவோட வண்டியெல்லாம் ஒண்ணோடொண்ணு முட்டிண்டு நிக்கறதும்மா, நான் தேறவே மாட்டேன் என்று விசும்பி விசும்பி அழுதாள். எனக்கு உன்மேல் வந்த கோபம்! எதிரில் இருந்திருந்தால் நறுக்கென்று ஒரு குட்டு வைத்திருப்பேன்.

மறுநாள் பார்த்தால் ஆணியில் அட்டை இல்லை. உன் தங்கை கத்தரிக்கோலை எடுத்து உன் டைம் டேபிளை வரி வரியாய் வெட்டிப் போட்டிருந்தாள்! மணியை எல்லாம் நறுக்கி எறிந்துவிட்டுப் பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று அதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அதை எழுதி, நீ போன வருஷம் கொண்டுவந்த பிஸ்கோத்து டப்பாவில் போட்டுவிட்டாள். அப்புறம் பார்க்கணும் நீ. பால்காரன் வரவில்லையா, டப்பாவில் கையை விட்டு ஒரு கால் மணிச் சீட்டு, வாசலில் நின்றபடியே பானிப்பட்டு யுத்தம். அம்மியில் அரைக்கும்போது வாயால் சொல்லிப் பார்க்கிற சீட்டு. ஒரு மணி முழுசாய்க் கிடைத்தால் மட்டும் பெரிய சீட்டு, அதில் ஜியாமெட்ரி. முடித்த சீட்டு டப்பா மூடிக்குப் போகும். இதில் பாடம் எதுவும் எழுதாத அரை மணிச் சீட்டு ஒன்றும் இருந்தது, அது வந்தால் ஊஞ்சலில் சும்மா ஆடுவாள். இது என்னடி சோம்பேறிச் சீட்டு என்று அப்பா கேட்டதற்கு, அதுவும் ஒரு பாடமாக்கும் அப்பா என்றாள்.

இனிமேல்தான் என் அசட்டுத்தனம். முதலில் ஆத்துக் கடிகாரத்தைச் சரியான மணிக்கு வையுங்கள் என்று அந்த டைம் டேபிளின் தலையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாயே, அது மட்டும் என் மனசில் ஒட்டிக்கொண்டது. அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கச்சேரி உத்தியோகத்துக்கு ஒரு நாள் தாமதமாய்ப் போய் மேலதிகாரியிடம் பேச்சு வாங்கினதிலிருந்து பதினெட்டு வருஷமாய் அந்தக் கடிகாரத்தை இருபத்தைந்து நிமிஷம் வேகமாய்த்தான் வைத்திருக்கிறார், நமக்கும் அதைக் கழித்துக்கொண்டு பார்த்தே பழக்கம். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம், பிள்ளை இவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறானே, பரீட்சை நேரத்திலாவது சரியான மணி இருக்கட்டும் என்று எனக்கு ஒரு புத்தி தோன்றியது. அடுத்தாத்து வக்கீல் சாம்பசிவன் ஆத்து ரேடியோவில் மணி சொன்னதும் அவர் பெண்டாட்டி சாவித்ரி ஜன்னல் வழியாய்க் குரல் கொடுத்தாள், நான் முக்காலி போட்டு ஏறி முள்ளைத் திருப்பி வைத்துவிட்டேன். யாரிடமாவது சொன்னேனா? அடுப்பில் ரசம் பொங்கியது, இறங்கி ஓடினேன், அதோடு மறந்தேன். சாயங்காலம் அப்பா வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என் நடையைப் பார்த்தியா, எத்தனை சீக்கிரம் வந்துட்டேன், ஐம்பத்திரண்டு வயசாக்கும் என்று மார் தட்டினார். அப்போதாவது எனக்கு உறைத்ததா? சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் பரீட்சை. கடிகாரம் ஒன்பது நாற்பது காட்டும்போது அப்பாவும் பெண்ணும் நிதானமாய்ப் புறப்பட்டார்கள், அவர்கள் நினைப்பில் அது ஒன்பதேகால். அவர்கள் போன கையோடு சாவித்ரி வந்து, என்ன மாமி, பத்தடிக்க இன்னும் கால் மணிதானே இருக்கு, இப்போதான் போறாளா என்று கேட்டாள். முள்ளைத் திருப்பினது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருக்கோடி வரைக்கும் ஓடினேன், காணோம். அரை மணி தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள் என்று வேறு கேள்வி. பழவங்காடிப் பிள்ளையாரே, நிமிஷத்துக்கு ஒன்றாய் இருபத்தைந்து தேங்காய் உடைக்கிறேன் என்று அங்கேயே நின்று வேண்டிக்கொண்டேன். அங்கே சாலைக் கடைத்தெருவில், இரும்புக்கடைப் பிச்சையா அப்பாவைப் பார்த்து, சாமி, பிள்ளைக்குப் பரீட்சைன்னு சொன்னீயளே, மணி பத்தாவுதுல்லா என்று கேட்டிருக்கிறான். உன் கடிகாரம் வேகமா ஓடறது பிச்சையா என்று அப்பா சிரித்தாராம்! எதிர்க்கடைக் கடிகாரத்திலும் பத்து என்று பாகீரதிதான் காட்டியிருக்கிறாள். பிச்சையா கடைக்கு வந்து நின்ற ஒரு ஜட்கா வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டான், அவன் நன்றாயிருக்கணும். உள்ளே போய் உட்கார்ந்தபோது கால் மணி போய்விட்டது. வினாத்தாளைப் பார்த்ததும் கண் இருட்டிண்டு வந்ததும்மா, அப்புறம் டப்பாவை நினைச்சுண்டேன் என்றாள். ஒவ்வொரு கணக்குக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று போட்டுக்கொண்டு, சின்னதையெல்லாம் முதலில் முடித்து, அரை மணி கையில் வைத்துக்கொண்டு ஜியாமெட்ரியில் இறங்கினாளாம். ஆத்துக்கு வந்ததும் கடிகாரத்துக்குக் கீழே கிடந்த முக்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தாள். கடிகாரம் கிழடாயிடுத்து என்று அப்பா அதைத்தான் திட்டினார். நான் வாயைத் திறக்கவில்லையடா, அவ்வளவு பயம்.

நேற்று ரிசல்ட் வந்து, அப்பா அவள் நம்பரை மூன்று தரம் விரல் வைத்துப் படித்து, காலேஜ் அப்ளிகேஷன் பாரம் நாளைக்கே வாங்கிண்டு வரேன் என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கோபிக்கப் போகிறார் என்று நினைத்தால், அப்போ அன்னிக்கு நான் வேகமா நடக்கலையா என்று கேட்டாரே பார்க்கணும்! பாகீரதி சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். இன்று காலையில் தேங்காயும் உடைத்தாயிற்று. கடிகாரம் இப்போது சரியாய் ஓடுகிறது, அப்பா கெஞ்சியதால் ஐந்து நிமிஷம் மட்டும் வேகம்.

தேங்காய் உடைத்துவிட்டு வந்ததும் பாகீரதி என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தாள். ஒரு பக்கம் அம்மா என்று எழுதியிருந்தது, பின்னால் அரை மணி, வேலை ஒன்றும் எழுதவில்லை. உன் டைம் டேபிளில் அப்பா பூஜைக்கு ஒரு வரி இருந்தது, அம்மாவுக்கு உதவி என்று ஒரு வரி இருந்தது, அம்மாவுக்கு என்று ஒரு வரி இல்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணா, எனக்கே அது தோன்றினதில்லை. அந்த அரை மணியை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் கூடத்தைப் பெருக்கத்தான் போனேன், துடைப்பத்தைப் பிடுங்கி என்னை ஊஞ்சலில் உட்கார்த்தி வைத்தாள். அப்புறம்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது, அவள்தான் அடுக்களையில் இருக்கிறாள், கூப்பிடவே இல்லை.

தங்கைக்கு நாலு வரி தனியாய் எழுது. ஆனி மாதம் லீவு கிடைத்தால் அவளைக் காலேஜில் சேர்க்க நீயும் வரணும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மறக்காதே. தீர்க்காயுசாய், நிறைந்த சந்தோஷத்தோடு இருக்கணும் என்று உன்னை ஆசீர்வதிக்கும்,

உன் அம்மா
சீதாலக்ஷ்மி

அப்பாவுக்கு ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டிருக்கிறேன்.

கல்யாணராமா, ஆசீர்வாதம். அன்றைக்கு நான் கொஞ்சம் வேகமாகத்தான் நடந்தேன். அப்பா.