ஆளில்லாத நிலம்

இஞ்சாரும்,

எழுத்துகள் கோடு தாண்டிப் போவதற்குக் கோபிக்காதேயும். இது எங்கள் மகன் ரஜிதன் எழுதியதல்ல, நானே எழுதியது. 'ழ' போடும்போது இன்னும் நாக்கைக் கடிக்கிறேன். ஆனாலும் மனதுக்குள் ஒரே புளுகம், சந்தோசம்.

எனக்கு எழுத்துப் பழக்கும் யுவனேஸ்வரி, பக்கத்து வீட்டு மலேசியப் பிள்ளை, ஒரு புத்தகம் தந்தாள். அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கு ஆட்டுமந்தையோடு போய்க் குடியேறிய வெள்ளைக்காரன் ஒருவனின் வாழ்க்கை. வறட்சியில் பாதி மந்தை செத்தும் மனுசன் விடவில்லை. நானும் மாடு வளர்த்தவன் அல்லவா, அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

'அந்த நிலத்தில் ஆளே இல்லை' என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் அந்த நாட்டுப் பூர்வகுடிக் கிழவர் ஒருவர் அவனுக்குத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டுகிறார்.

"ஆளில்லையெண்டால் தண்ணி காட்டினது ஆர், பிள்ளை?" என்று கேட்டேன்.

"எழுத்துக்கூட்டிப் படிங்கன்னா வழக்குப் பேசுறீங்களே, ஐயா" என்று சிரித்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகன் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ரானுயி ரயில் ஸ்டேஷன் வரை நடந்தேன். வந்து உட்கார்ந்தேன், மறுபடியும் நடந்தேன்.

எங்கள் மேய்ச்சல் காணியிலும் 'ஆளில்லாத நிலம்' என்று சொல்லித்தானே அரசாங்க ஆக்கள் பலகை நட வந்தார்கள். நீர் ஒருத்தியாய் வாசலில் நின்றபடியால் திரும்பிப் போனார்கள். நானோ போனில் ஒவ்வொரு முறையும், "விட்டுப்போட்டு இஞ்சை வாரும்" என்றேன். இனிச் சொல்ல மாட்டேன்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிடாதேயும். ரஜிதனிடம் இன்னும் கதைக்கவில்லை, இன்று கதைப்பேன். அடுத்த கிழமைக் கடிதத்தில் நான் ஊருக்கு வந்து சேரும் திகதியை என் கையாலேயே எழுதுவேன்.

உம்முடைய மனுசன்