படலையைத் தாண்டிப் போனவர்கள்

அன்புள்ள சேர்,

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நீங்கள் இருந்த காலத்தில் ஒரு வணக்கம்கூடச் சொல்லாதவள், இப்போது நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அப்பாவிடம் தாபரிப்புப் பணம் கேட்டு வழக்குப் போட, சட்டத்தரணியான உங்களிடம் அம்மா வந்தபோது எனக்கு ஒன்பது வயது. சந்தையில் மீன் விற்ற சேலையோடேயே என்னையும் இழுத்துக்கொண்டு உங்கள் கந்தோருக்கு வந்திருந்தார்.

“அந்தாள் ஒரு மிருகம் எண்டு எழுதுங்கோ சேர்.”

“மிருகம் எண்டு எழுதினால் நீதவான் மிருக வைத்தியரிட்டை அனுப்பிப்போடுவார். என்ன நடந்தது, எந்தக் கிழமை நடந்தது, அதைச் சொல்லுங்கோ பிள்ளை.”

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். நீங்கள் எழுதிய மனுவில் அப்பாவைப் பற்றி ஒரு வசைச்சொல்லும் இருக்கவில்லை. “வழக்கு முடிஞ்சாலும் இவவுக்கு அவர்தானே அப்பா” என்று என்னைக் காட்டிச் சொன்னீர்கள்.

நாங்கள் எழும்பும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். உங்களிடம் வந்த எல்லோருக்கும் அதைச் சொல்லியிருப்பீர்கள்.

“தெருவிலை கண்டால் நான் உங்களைத் தெரியாத ஆள் மாதிரித்தான் போவன். கோவிக்காதேங்கோ. என்னோடை நிண்டு கதைச்சால், வீட்டிலை என்ன பிரச்சினை எண்டு சனம் கேக்கும்.”

சொன்னபடியே நடந்தீர்கள். சனிக்கிழமைகளில் அம்மாவிடமே மீன் வாங்குவீர்கள், முன்பின் தெரியாதவர்போல் விலை கேட்பீர்கள். அம்மா ஒரு விளைமீனைக் கூடுதலாகப் போட்டால் எடுத்துத் திருப்பி வைப்பீர்கள்.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்பு நாளில் கறுப்பு அங்கியோடு வளாக வாசலில் நின்றபோது நீங்கள் எதிரே வந்தீர்கள். உங்கள் நடை கொஞ்சம் தளர்ந்தது. பிறகு போய்விட்டீர்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது சேர். அப்பா கனடாவில் இருக்கிறார் என்று சிநேகிதிகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன்.

உங்கள் செத்தவீட்டுக்கு வந்தேன். பந்தலில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஓரமாக இருந்த என்னிடம் உங்கள் மனைவி வந்தார்.

“பிள்ளை, நீர் ஆற்றை மகள்?”

“நான் இந்த ஒழுங்கையிலை ரியூசனுக்கு வாறனான், அன்ரி.”

வாயில் அதுதான் வந்தது. அவர் என் பக்கத்தில் அமர்ந்தார்.

“ஆயுள் முழுக்கக் குடும்ப வழக்கோடை மாரடிச்ச மனுசன். ஒரு கட்சிக்காரர் எட்டிப் பாக்கேல்லை. அப்பிடி என்ன குறை விட்டவர் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.”

நான் குனிந்துகொண்டேன். உங்கள் வாசல் படலைக்கு வெளியே, தெருவில், பெண்கள் வந்து வந்து போனார்கள். குடை பிடித்த ஒருவர் இரண்டு தரம் போனார். அவர் உங்கள் கந்தோர் வாங்கில் காத்திருந்ததைக் கண்டிருக்கிறேன். எல்லோரும் உங்கள் சொல்லைக் காத்துக்கொண்டு தாண்டிப் போனார்கள். அதை அன்ரிக்குச் சொல்ல அங்கே என்னைத் தவிர யார் இருந்தார்கள்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்தினார்.

“அவர் எங்களுக்காண்டி முகத்தைத் திருப்பினவர். நீ ஆருக்காண்டித் திருப்பினனி?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவும் நானும் உங்கள் வீட்டுக்கு வருகிறோம். நான் சொன்னது பொய் என்று அன்ரியிடம் சொல்வேன். நாங்கள் யார், எதற்காக உங்களிடம் வந்தோம், ஏன் யாரும் உள்ளே வரவில்லை என்பதையும் சொல்வேன். அம்மாவைச் சொல்ல விடமாட்டேன், நானே சொல்வேன். இது சத்தியம்.

ஒன்று கேட்கலாமா சேர்? அன்றைக்கு உங்கள் படத்துக்கு முன்னால் எனக்கு நாக்கு எழாமல் போகலாம். அப்போது ஒரே ஒரு தரம், என்னைத் தெரிந்தவர் மாதிரிப் பாருங்கள்.

உங்கள் கட்சிக்காரி,
குருநகர் றீற்றாவின் மகள்
டிலானி