பென்சிலால் எழுதிய முப்பத்துநாலு வருஷம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இங்கே அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் பத்து நாளாகச் சரியில்லை. போனில் சொன்னால் நீ நடுவில் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பெரிய ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் கூரை விழுந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். இரண்டு நர்சுகள் மாட்டிக்கொண்டார்கள், ஒருத்திக்குக் காலையே எடுத்துவிட்டார்கள், இருபத்தாறு வயசு. கட்டடத்துக்குப் பொறுப்பான எஞ்சினியரை அன்றைக்கே சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். எங்கள் ஆபீசில் அவருக்கு டேப்பு என்று பட்டப்பெயர், சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப்பு இருக்கும். கூரையில் விரிசல், திறக்கக் கூடாது என்று முன்கூட்டியே அறிக்கை கொடுத்தேன் என்கிறார் அவர். விபத்துக்கு அப்புறம் எழுதிக்கொண்டு வந்த தாள் என்கிறது விசாரணைக் குழு. வேலை போகும், ஜெயிலும் உண்டு. ஆனால் அவர் கொடுத்தது நிஜம், என்னிடம்தான் கொடுத்தார்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியாது. வேண்டாத கோப்பு வந்தால் மறுக்கவும் மாட்டோம், ஒத்துக்கொள்ளவும் மாட்டோம். ஓரத்தில் பென்சிலால் ‘பேசவும்’ என்று எழுதுவோம். ஆள் வருவார், சொல்ல வேண்டியதை வாயால் சொல்வோம், அப்புறம் ரப்பரால் அழித்துவிட்டால் நாம் எதையும் பார்க்கவே இல்லை. முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால், வேலையில் சேர்ந்த முதல் வருஷமே கற்றுக்கொண்டேன். கெட்டிக்காரி என்று பேரெடுத்ததும், துறைக்கே செயலாளராக வந்ததும் பாதி இந்தச் சாமர்த்தியத்தில்தான். சீ! டேப்பையும் அப்படித்தான் கூப்பிட்டேன். மந்திரி தேதி குடுத்தாச்சு, திறப்பு விழா முடியட்டும், இதை நீங்களே வச்சுக்குங்க என்று தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மனுஷனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

போன வாரம் எனக்கு மேலே இருக்கிற பெரியவர் கூப்பிட்டார். அந்த அறிக்கை உங்க மேசைக்கு வரவே இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா, ரிட்டயர் ஆனதும் ஆணையத் தலைவர் பதவி உங்களுக்குத்தான், காரும் பங்களாவும் அஞ்சு வருஷம் என்றார், வாய் கூசாமல். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? யோசிச்சுச் சொல்றேன் என்று வந்தேன். யோசித்தேன்டா, மூன்று நாள். அதற்குள் உன் அப்பா பங்களாவில் ரோஜாச் செடியை எங்கே வைப்பது என்று திட்டமே போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை டேப்பு நம் வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் ஒருவேளை அந்த வரியை எழுதியிருப்பேன். அவரோ, உங்களுக்குத் தொந்தரவா போச்சும்மா, நான்தான் இன்னொரு தடவை எழுதிக் கேட்டிருக்கணும், தப்பு என்னுதுதான் என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! ஒரு நல்ல மனுஷனை இப்படிக் கூனிக் குறுகி நிற்கப் பழக்கியது யார், என்னைப்போல் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தானே.

திங்கட்கிழமை காலையில் விசாரணைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். அறிக்கை வந்தது, படித்தேன், அமுக்கச் சொன்னது நான்தான் என்று. மூன்று வரிகூட வரவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கால் திரும்பி வரப்போவதில்லை, இதில் பெருமைப்பட ஒரு மண்ணும் இல்லை. பென்ஷனை நிறுத்துவார்கள், வழக்கும் வரலாம். உனக்கென்ன பைத்தியமா என்று அப்பா கத்தினார், நேற்று தானாகவே வந்து வக்கீல் யாரையாவது பாக்கணுமே என்றார்.

மருமகளிடம் நீயே பக்குவமாகச் சொல். பேத்தியைக் குளிரில் அலையவிடாதே, உன் பிரஷர் மாத்திரையையும் தவறவிடாதே. மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். நாளைக்கே பத்திரிகையில் என் படத்தைப் போட்டு, நர்சின் காலைப் பறித்த அதிகாரி என்று எழுதுவார்கள், உன் நண்பர்கள் அதை உனக்கு அனுப்புவார்கள். எங்க அம்மா அப்படிப்பட்டவங்க இல்லை என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதே. அப்படிப்பட்டவள்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா