எண்ணெய் பிரியாத சாஸ்

அன்புள்ள உங்களுக்கு,

முதுகுவலி தேவலையா? பெரியவனும் சின்னவளும் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறார்களா? நான் நலம். சமையலறைதான் நலமில்லை.

கடையில் வாங்கிய இரண்டு பாட்டில் பாஸ்தா சாஸை வாயில் வைக்க முடியவில்லை என்று போனில் புலம்பினேன் அல்லவா? "ரெண்டு பாட்டிலையும் ஊத்தி, பூண்டு தட்டிப் போட்டு, எண்ணெய் பிரியற வரைக்கும் கிண்டு, சரியாயிடும்" என்றீர்கள். கிண்டினேன், கிண்டினேன், கை ஓய்ந்ததுதான் மிச்சம். சனியன், ஒரு சொட்டு எண்ணெய் பிரியவில்லை! அடிப்பிடித்ததோடு, ஆஸ்பத்திரிக்குப் போட்டுப்போகும் வெள்ளை உடுப்பெல்லாம் தெறித்தது.

அறைத்தோழி சிரிக்கிறாள். "அக்கா, அது ஏற்கெனவே வெந்தது. மாவு கலந்து கெட்டியாக்கியிருக்காங்க. விடியவிடிய கிண்டினாலும் பிரியாது." முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

அடிப்பிடிக்காததை வேறு சட்டிக்கு மாற்றி, கடுகும் மிளகாயும் தாளித்துக் கொட்டினேன். ஓரளவு தேறியது. ஆனால் நீங்கள் சொன்னது நம் நாலு பேருக்கான அளவு. முக்கால் சட்டி அப்படியே கிடக்கிறது.

நீங்கள் அரைக்கும் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

ஒரு ஆளுக்கு எவ்வளவு சமைப்பது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது எனக்குப் பழக்கமாக வேண்டாம்.

உங்கள் மனைவி