ஐசியூ கட்டிலில் அவிழ்ந்த முடிச்சு

என் பிரியத்துக்குரிய மாப்பிள்ளை முருகையா,

போன இடத்திலாவது யாரையும் சந்தேகப்படாமல் இருக்கிறாயா? இங்கே உன் மனைவி, அதுதான் என் தங்கச்சி பாக்கியம், நீ கண்ணை மூடின நாளிலிருந்து நாற்பது நாளாக என்னோடு பேசுவதில்லை. உங்கள் டெலானிபூர் வீட்டுக்குப் போனால் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். சர்க்கரை போடுவதில்லை. வேண்டுமென்றேதான்.

ஐசியூவில் நீ பண்ணின கூத்து அப்படி. காய்ச்சல் தலைக்கேறி, கட்டிலைக் கப்பல் என்றாய். "மச்சான், இவனுங்க என்னைத் தீவை விட்டு மெயின்லேண்டுக்குக் கடத்துறானுங்க. அந்தப் பச்சைச் சட்டைக்காரன் கேப்டனே இல்ல, கவனிச்சியா?" என்று காதில் சொன்னாய். அவர் டாக்டர். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "ஆமாண்டா மாப்ளே, உனக்கு டிக்கெட்கூட எடுக்கல" என்றேன். நீ ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாய். தேவைதானா எனக்கு?

அதற்குப் பிறகுதான் உன் கையைத் துணியால் கட்டினார்கள். ஃபீனிக்ஸ் பே கப்பல் துறையில் முப்பது வருஷம் கப்பல் கயிறு கட்டி அவிழ்த்த விரலுக்கு, ஒரு நர்ஸ் போட்ட முடிச்சு எம்மாத்திரம்? மூன்று தடவை அவிழ்த்தாய். நர்ஸ் என்னைத்தான் முறைத்தாள். "அங்கிள், சச் போலோ, உண்மையைச் சொல்லுங்க, நீங்கதானே அவிழ்த்தீங்க?"

பாக்கியமும், "ஏண்ணே, உன் குறும்புக்கு அவருதான் கிடைச்சாரா?" என்றாள்.

இன்றும் அதையே நம்புகிறாள். நான் அவிழ்த்துவிட்டதால்தான் மாஸ்க் இல்லாமல் நீ போய்விட்டாயாம். நான் மறுக்கவில்லை. ஏன் தெரியுமா?

நாலாவது முடிச்சு நான் போட்டது. பாக்கியம் வெளியே இருந்தாள். நர்ஸ் துணியை என் கையில் கொடுத்து, "நீங்களும் அதே கப்பல் துறை வேலைதானே, இவரு அவிழ்க்க முடியாத மாதிரி கட்டுங்க" என்றாள். நுனி உன் விரலுக்கு எட்டாமல் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டினேன். நீ தடவினாய், தேடினாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"இது உன் கட்டு மச்சான்."

அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. மறுநாள் போய்விட்டாய்.

மாஸ்க் முகத்தில் நிற்கட்டும் என்றுதான் கட்டினேன். அது உனக்குப் புரிந்ததா? இல்லை, நானும் அந்தக் கடத்தல்காரக் கூட்டம் என்றே நினைத்துப் போனாயா? நுரையீரல் கெட்டுத்தான் நீ போனாய், கட்டினதால் இல்லை என்கிறார் டாக்டர். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

அவிழ்த்தவன் என்ற பழி சுகமாகத்தான் இருக்கிறது மாப்பிள்ளை. உன் பக்கம் நின்றவன் என்றாவது ஆகிறது. ஆனால் அது பொய். வரும் ஞாயிறு பாக்கியத்தை உட்கார வைத்து, கட்டினது இந்தக் கைதான் என்று சொல்லிவிடுகிறேன். கதவைச் சாத்தினால் வெளியே நின்று மறுபடியும் சொல்வேன்.

உன்னைக் கட்டிப்போட்ட மச்சான்,
சின்னத்தம்பி