சிப்பி வேண்டாம், தாள் போதும்

மேட்டு வீடு,
செப்டம்பர் 12, ஞாயிறு மதியம்

அன்பு மகள் எசெட்டாவுக்கு,

அம்மா லெவாய் எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். ஆக்லாந்தில் குளிர் இன்னும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். மசினாவுக்குக் காதை மூடித் தொப்பி போடு.

முதலில் பிள்ளைகள் சங்கதி. உன் அண்ணன் மகள் சலோமே நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம் தேறிவிட்டாள். ஊசி போடக் கற்றுக்கொண்டு முதல் ஊசியை அப்பா கையில்தான் போட்டுப் பார்த்தாள். கொசு இதைவிடப் பலமாகக் கடிக்கும் என்று அப்பா சொன்னார். அவள் தம்பி வைதோவா பள்ளிக்கூட ரக்பி அணியில் சேர்ந்துவிட்டான். முதல் ஆட்டத்திலேயே இரண்டு தடவை பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தானாம். உன் மகன் தவிட்டா வாசிப்பில் வகுப்பிலேயே முதல். அந்தச் சான்றிதழை எனக்குப் போனில் படித்துக் காட்டினான், ஒன்றும் புரியவில்லை, இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். மசினா நான்கு வயசில் தன் பேரைத் தானே எழுதுகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், என் பேரை எழுத எனக்கு ஏழு வயசாயிற்று. உன் மகள் மலியா போன வருஷத்துக்கு முந்தின வெள்ளை ஞாயிறில், பிள்ளைகள் திருநாளன்று, கோயிலில் ஆறு வரி வசனத்தை ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னாள். அதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இதையெல்லாம் நான் கோயில் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் ஃபிலேமு அத்தை, "அண்ணி, பரிசு வாங்குறது உங்க பேரப்பிள்ளைங்க, முதுகு வலிக்க நின்னு கேக்கறது நாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இங்கே ஊர் முழுக்க மேட்டுக்கு வந்துவிட்டது. கீழே பழைய வீட்டின் சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது. அப்பா வாரம் ஒரு நாள் போய் அதைப் பெருக்கிவிட்டு வருகிறார். ஏன் பெருக்குகிறீர்கள் என்று கேட்டேன். மணல் ஏறிவிடுகிறது என்றார். இங்கே வாசலுக்கு நேரே மலியாவின் கல்லறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. நீ நட்ட செடி பிடித்துக்கொண்டது.

போதகர் மனைவி வியாழக்கிழமை ஆக்லாந்து வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். போனில் நீ இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறாய். போன மாதம் அப்படிக் கொடுத்தபோதுதான் தவிட்டா சொன்னான். இந்த வருஷம் அவர்களுக்கு வெள்ளை ஞாயிறு கிடையாதாம். வெள்ளைச் சட்டை தைக்கவில்லை, வசனம் படிக்கவில்லை, அன்றைக்குக் கோயிலுக்கே போகப்போவதில்லை. "அம்மா அந்த நாளே வேண்டாம்னுட்டாங்க பாட்டி" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, அது கெட்ட நாளா என்று கேட்டான். அடுப்பில் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. உனக்கு வேலைக்குப் போய்வரவே நேரம் சரியாயிருக்கும், எனக்குத் தெரியும். அதனால் சுலபமானதாகவே எழுதுகிறேன். பிள்ளைகளே பாதி செய்துவிடுவார்கள்.

கிரீடத்துக்கு: கெட்டியான வெள்ளைத் தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டு. பிள்ளையின் தலையைச் சுற்றி அளந்து, ஒட்டுவதற்கு இரண்டு விரல் கூட விடு. இறுக்கி ஒட்டாதே, நெற்றியில் கோடு விழும், வசனத்துக்கு நடுவில் சொறிவார்கள். பூவுக்கு மெல்லிய தாள் ஐந்தை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, விசிறி மாதிரி முன்னும் பின்னுமாக மடித்து, நடுவில் நூலால் கட்டு. பிறகு ஒவ்வொரு தாளாக மேலே இழுத்துவிட்டால் பூவாகிவிடும். இழுக்கிற வேலையை மசினாவிடம் கொடு. கிழிந்தால் கிழியட்டும், கிழிந்த பூவும் பூ மாதிரிதான் இருக்கும். மாவைக் காய்ச்சி எடுத்த பசையால் பட்டையில் ஒட்டிக் காயவிடு. சிப்பி வேண்டாம். கடையில் விற்றாலும் வாங்காதே. தாள் போதும்.

தேங்காய்ப்பால் பன்னுக்கு: மூன்று குவளை மாவு, ஒரு கரண்டி ஈஸ்ட், அரைக் குவளை சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய், பிசைகிற அளவுக்கு வெதுவெதுப்பான பால். பிசைந்து துணி போட்டு மூடி, இரண்டு பங்காக உப்பும் வரை வை. உங்கள் ஊர்க் குளிரில் நேரமாகும், அவசரப்படாதே. உருட்டுவது பிள்ளைகள் வேலை. தவிட்டா தனக்கு மட்டும் பெரிதாக உருட்டுவான், கண்டுகொள்ளாதே. தட்டில் நெருக்கி அடுக்கி மறுபடியும் உப்பவிட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலில் சர்க்கரை கலந்து பாதி உயரத்துக்கு ஊற்றிச் சுடு. எடுத்த சூட்டில் சாப்பிடக் கொடுக்காதே, அடியில் பால் குழம்பாகி இறுகட்டும்.

காலையில் கொக்கோ அரிசி. அரிசியைக் குழைய வேகவிட்டு, துருவிய கொக்கோவும் சர்க்கரையும் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பாலும் ஒரு ஆரஞ்சு இலையும். இதில் ஒன்றுதான் கவனம். கொக்கோ போட்ட பிறகு கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அடிபிடிக்கும்.

எசெட்டா, அன்றைக்குக் காலையில் நான் இதைத்தான் கிண்டிக்கொண்டிருந்தேன்.

உனக்கு நான் சொன்னது வேறு. அலை வந்தபோது மலியாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கை நழுவிவிட்டது என்று சொன்னேன். நீ சவ அடக்கத்துக்கு வந்து இருந்த நான்கு நாளும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தக் கை அவளைப் பிடிக்கவே இல்லை. அதில் கரண்டி இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் வெள்ளை ஞாயிறில் போதகரின் மகள் சிப்பி வைத்த கிரீடம் போட்டுக்கொண்டு நின்றாள். மலியாவுக்கு அதன்மேல் ஆசை. அவளைவிட ஆசை எனக்கு. என் பேத்தி வசனத்திலும் முதல், கிரீடத்திலும் முதல் என்று ஊர் சொல்ல வேண்டும். வெள்ளை ஞாயிறு நெருங்கிவிட்டது, விடிந்ததும் சிப்பி பொறுக்கப் போவோம் என்று ராத்திரியே சொல்லி வைத்திருந்தேன். காலையில் தரை ஆடியது. பாத்திரமெல்லாம் உருண்டன, வெளியே ஓடிவந்தோம், பிறகு நின்றுவிட்டது. நான் அடுப்புக்குத் திரும்பினேன், அரிசி அடிபிடிக்குமே என்று. இப்போது பள்ளிக்கூடத்தில் மணி அடித்து, தரை ஆடினால் மேட்டுக்கு ஓடு என்று பழக்குகிறார்கள். அன்றைக்கு நான் பானையைப் பார்த்தேன்.

மலியா கரையில் நின்று கூப்பிட்டாள். "பாட்டி, கடலைக் காணோம். சிப்பியெல்லாம் அப்படியே கிடக்கு" என்றாள்.

நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போ, பெருசு பெருசா பாத்துப் பொறுக்கிட்டு வா" என்றேன்.

அவ்வளவுதான். அவள் நல்ல பிள்ளை, சொன்னதைச் செய்கிற பிள்ளை. அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து என்னைத் தலைமுடியைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். மறுநாள் அவளைக் கண்டெடுத்தபோது பாவாடை ஓரத்தில் முடிச்சு இருந்தது. அதை அவிழ்க்காமலே அடக்கம் பண்ணச் சொன்னேன். அதில் என்ன இருந்தது என்று நீ கேட்டாய், தெரியாது என்றேன். தெரியும்.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும். ஒரு வருஷமாக அவர் வாய் திறக்கவில்லை. போன வாரம்தான், நீ சொல்லப்போகிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே எழுதுகிறேன் என்றேன். எழுதும்போது அழுகை வரும் என்று துண்டைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். வரவில்லை. எனக்கு அது வருவதே இல்லை. ஃபிலேமு என்னைக் கல் என்கிறாள். சாப்பிடுகிறேன், துவைக்கிறேன், கோயிலில் பாடுகிறேன், எல்லாம் தூரத்தில் யாரோ செய்கிற மாதிரி இருக்கிறது.

மூன்று வயசில் அவளை உன்னிடமிருந்து கேட்டு வாங்கியவள் நான். நீங்கள் இரண்டு பேரும் ராப்பகல் மாறி மாறி வேலைக்குப் போகிறீர்கள், பிள்ளை பாட்டியிடம் வளரட்டும் என்றேன். நம் ஊர் வழக்கம்தானே என்று நீயும் கொடுத்தாய். மன்னித்துவிடு என்று எழுத வந்தேன், எழுத முடியவில்லை. அது நீயாகக் கொடுத்தால்தான் உண்டு, கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கி வாங்கித்தான் இப்படி ஆயிற்று.

ஒன்று மட்டும் கேட்கிறேன், எனக்காக இல்லை. தவிட்டா கேட்டதற்கு நீ பதில் சொல். அந்த நாள் கெட்டது இல்லை என்று சொல். கோபம் வேண்டுமானால் என்மேல் வைத்துக்கொள், நாளின்மேல் வைக்காதே. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் பெரியவர்கள் நின்று பரிமாற, பிள்ளைகள் முதலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதை அவர்களிடமிருந்து எடுத்துவிடாதே. இங்கே அப்பா இந்த வருஷமும் பரிமாறுவார். சலோமே, வைதோவா, தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலை போடுவோம். ஒரு இலை கூடுதலாக வரும். போன வருஷமும் எண்ணிக்கை தப்பிக் கூடப் போட்டேன். இந்த வருஷம் தெரிந்தே போடுவேன்.

கோயில் முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரையும் வெள்ளை உடையில், தாள் கிரீடத்தோடு நிற்க வைத்து ஒரு படம் எடு. தவிட்டா தலையைக் குனிந்துகொள்வான், நிமிர்ந்து பார்க்கச் சொல். இங்கிருந்த படங்கள் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டன, மலியாவின் படம் ஒன்றுகூட இல்லை. மசினாவுக்கு அவள் ஜாடை என்று போதகர் மனைவி போன தடவை அங்கே வந்து திரும்பியபோது சொன்னார். எனக்குக் குரல்தான் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம், எழுத மனம் வராவிட்டால். வெறும் படத்தை மட்டும் உறையில் போட்டுத் தபாலில் அனுப்பு, புதுப் படமாக. மேட்டு வீட்டுச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் இங்கே வராது.

உன் அம்மா,
லெவாய்